கடைசிப் புட்டி குமிஸும் மூன்று டப்பாக்களும்

வெள்ளைத் தாடியால் இந்த மேடைக்கே விளக்கேற்றி வைத்திருக்கும் விழாத் தலைவர், பிஷ்கெக் தந்த பேரறிஞர் இசென்குல் அவர்களே! பேசாமல் இருந்தே பெரியவர் என்று பெயர் வாங்கிவிட்ட எங்கள் இயக்குநர் எர்மெக்பாய் அவர்களே! நுண்ணோக்கியில் கண் தேய்ந்த மூத்தோரே! பிள்ளைக்குப் பாலும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரையும் ஒரே கையால் ஊட்டிய தாய்மார்களே! குதிரைக்கறி எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைக் காளையரே! குதிரை வைத்தியன் சபார்பாயின் பணிவான வணக்கம்.

எங்கள் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் பொன்விழாவில் அதன் ஆய்வுச் சாதனைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். அலத்தாவ் மலைமீது ஆணையாக ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை!

எங்கள் நிலையம் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? அடுக்கி வைத்தால் அலத்தாவே எட்டிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, வெயில் படல" என்று கெஞ்சும்! காட்டு ஆப்பிளின் கொள்ளுப்பாட்டனைக் கண்டுபிடித்தது யார்? நாம்! இன்றைக்கும் நம் ஆளைக் கண்டால் ஆப்பிள் மரங்கள் எழுந்து நிற்கின்றன. கொழுவால் ஆட்டின் கொழுப்பை ஆராய்ந்தது யார்? நாம்! அந்தக் கட்டுரை வந்த பிறகு ஆடுகள் பின்பக்கத்தைக் காட்டவே கூச்சப்படுகின்றன. யாரம்மா அங்கே சிரிப்பது? உன் சம்பளமே அந்த வாலில்தான் தொங்குகிறது!

ஆனால் அன்பர்களே, நான் சொல்ல வந்தது என் அக்காள் மகள் தோக்ஜானின் கதை.

குதிரைப் பாலைக் குமிஸாகப் புளிக்க வைக்கும் ஒரு நுண்ணுயிரின் பின்னால் பல வருடம் அலைந்தவள் அவள். குடித்தவரின் குடல்வரை அது உயிரோடு போய்ச் சேரும் என்று எழுதினாள். இதழ்க்காரர்கள், "மனிதரிடம் நிரூபித்துக் காட்டுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஃப்ரீசர் பழுதாகி, சேர்த்து வைத்ததெல்லாம் செத்தது. மிஞ்சியது ஒரே ஒரு புட்டி. மாதமோ ஜனவரி. எந்தக் குதிரை பால் தரும்? வாசலில் நிற்கும் கற்சிலையே கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்ட குளிர்!

அன்றுதான் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் யார்? இதோ, இதே இசென்குல்! அவர்கள் தலையாட்டினால் தோக்ஜானின் ஆய்வகம் நிற்கும். உதட்டைப் பிதுக்கினால் பூட்டு. மேசையில் தேநீர் ஆவி பறந்தது, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி மலைபோலக் குவிந்திருந்தது. தலைவர் தாடியைத் தடவினார்.

"எல்லாம் இருக்கு. குமிஸைத்தான் காணோம்."

"என்னங்க ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க? இருக்கே!" என்றார் நம் இயக்குநர்.

விருந்தாளியிடம் 'இல்லை' என்று சொல்ல நம் நாக்குக்குத் தெரியுமா? அந்தச் சொல்லை நம் அம்மாக்கள் கற்றுத் தந்தார்களா? தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார் மனிதர்.

"தோக்ஜான், அந்தப் புட்டி..."

"அதைக் குடுத்துட்டு நாளைக்கு நான் எதை வச்சு நிரூபிப்பேன்? உங்க மீசையை வச்சா?"

"வாய் தானா சொல்லிருச்சும்மா. இப்ப போய் இல்லைன்னா எங்கப்பா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்து அறைவாரு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? குதிரைகிட்ட கெஞ்சியும் பாத்துட்டேன். உதைச்சதுதான் மிச்சம்."

"நல்ல வைத்தியர்தான் மாமா நீங்க!"

சொல்லிவிட்டு அவளே புட்டியை எடுத்தாள். அவளே உள்ளே நடந்தாள். மூன்று கிண்ணங்களில் அவளே ஊற்றி, இரு கையாலும் நீட்டினாள். கடைசிச் சொட்டுவரை!

குடித்தார்கள் ஐயா! முதல் வாயில் தலைவரின் வழுக்கையில் புல் முளைத்தது. இரண்டாம் விருந்தாளி ஜெர்மானியர். நம் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர், எழுந்து நின்று நம் வீட்டுப் பிள்ளைபோல் ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயரை நம் மொழியிலேயே ஒப்பித்தார். மூன்றாமவர் கனைத்தார், லாயத்திலிருந்து பதில் வந்தது!

தோக்ஜான் வெறுங்கிண்ணங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்:

"பிடிச்சுதா ஐயா?"

"இப்படி ஒன்னை நான் குடிச்சதே இல்லம்மா. புதுசா இருக்கு."

"புதுசுதான். அப்ப கோரிம்திக் குடுங்க."

புது மருமகளோ புதுக் குழந்தையோ, முதன்முதலாகப் பார்த்தவர் பரிசு தராமல் வாசல் தாண்டலாமா? தலைவர் சிரித்தபடி சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"கேளு தாயி. கடிகாரமா? கன்னுக்குட்டியா?"

மூடி போட்ட மூன்று சின்ன டப்பாக்களை மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில இதுல கொஞ்சம்."

"கொஞ்சம்னா... எதும்மா?"

"உள்ள போனது வெளிய வருமில்லங்க ஐயா, அதுல."

இயக்குநர் மயங்கி விழுந்தார்; விழுந்த இடம் என் மடி. தலைவரோ தொடையைத் தட்டினார்.

"இத்தனை வயசுல எங்கிட்ட இதை யாரும் பரிசா கேட்டதில்ல! மறுத்தா நான் கிர்கிஸ் இல்ல!"

மறுநாள் டப்பாக்கள் வந்தன. பட்டுத் துணியில் சுற்றி, ஒட்டகத்தின்மேல் ஏற்றி, மேளதாளத்தோடு வந்தன! நுண்ணோக்கியில் பார்த்தால், மூன்றிலும் பந்தயக் குதிரைகள்போல் பாய்ந்தோடின அந்த உயிர்கள்!

கைதட்டல் போதும், போதும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தலைவரின் தலையை நீங்களே பாருங்கள்; புல்லா இருக்கிறது? ஜெர்மானியருக்கு அப்பா பெயருக்கு மேல் தெரியாது. கனைத்தது நான். டப்பாக்கள் டாக்சியில் வந்தன. இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்த மூன்று டப்பாக்களில் இரண்டில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், உயிரோடு இருந்தன.

நானாக இருந்தால் மூன்று என்று எழுதியிருப்பேன். நீங்களும்தான்! தோக்ஜான் என்ன எழுதினாள்? "மூவரில் ஒருவரிடம் மட்டும்" என்று எழுதினாள். எழுதி, தன் ஆய்வகத்தின் தலைவிதியைக் கையில் வைத்திருந்த அந்த மூவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்தார்கள். தலையாட்டினார்கள். அந்தக் கொஞ்சத்தை அவள் வளர்த்தாள். கோடை வந்ததும் இந்த நிலையமே வரிசையில் நின்று குடித்தது, டப்பா கொடுத்தது. அதன் பிறகே கட்டுரை அச்சேறியது.

நான் ஒரு மூச்சில் நூறு பொய் சொல்வேன். இந்த நிலையம் பல வருடம் பாடுபட்டு ஒரு வரி உண்மை சொல்லும். அந்த ஒரு வரிக்கு முன்னால் என் நூறும் மண்டியிடும்! ஐம்பது வருடமாக இங்கே விளைந்தவை அந்த வரிகள்தான். அவை பெருகட்டும், பெருகட்டும், பெருகிக்கொண்டே இருக்கட்டும்!

அந்த ஒரு டப்பா யாருடையது என்று கேட்கிறீர்களா? தலைவர் எப்படி நெஞ்சை நிமிர்த்துகிறார், பாருங்கள்! பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. கறி வந்துவிட்டது, வணக்கம்!