இரும்பு மாப்பிள்ளைக்கு நான் செய்தது

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சுங்குவார்சத்திரம் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இருக்காது. 'கீறல்' பத்திரிகையின் எட்டு இதழ்களையும் அந்த நேரத்தில்தான் எடுத்தோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடாத படங்கள், நாலே நாளில் பெட்டிக்குள் போன படங்கள், பேய்க்கும் கதாநாயகனுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்ட படங்கள், இவற்றுக்காக நாங்கள் நடத்தும் பத்திரிகை இது. இருபது பக்கம், நடுவில் இரண்டு பின். நாங்கள் என்றால் நானும் ஜோயலும். ஒரே போன் கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். அவன் ஸ்ரீபெரும்புதூர்க்காரன். நான் பாண்டிச்செல்வி, சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஹாஸ்டலில் இருக்கிறேன். போன் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருந்தால் ஒதுக்கிவிடுவேன்.

இந்த இதழில் ஜோயல் எனக்கு இரண்டு பக்கம் விட்டிருக்கிறான். நடந்ததை எழுதாவிட்டால் பத்திரிகையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறான். எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

நான்காம் இதழில் 'இரும்பு மாப்பிள்ளை' பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். உங்களில் பாதிப் பேர் கீறலுக்கு வந்ததே அதைப் படித்துத்தான். 1988இல் பென்னலூரில் எடுத்த படம். நிச்சயித்த மாப்பிள்ளை ஓடிப்போக, பெண்ணின் அப்பா ஒரு ரோபோவை மணவறையில் உட்கார வைக்கிறார். ஒரே ஒரு டூரிங் டாக்கீஸில் நான்கு நாள் ஓடியது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. எட்டுப் பக்கத்துக்கு இது காணாது. ஆகவே கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தை நானே எழுதினேன். மழை. வசனமே கிடையாது. துருப்பிடித்தபடி நிற்கும் ரோபோவைக் கட்டிக்கொண்டு கதாநாயகி அழுகிறாள். அவள் புடவையெல்லாம் துரு. இயக்குநர் காசிராஜன் காலமாகிவிட்டார் என்றும் ஒரு வரி சேர்த்தேன். விசாரிக்கவில்லை. இந்த மாதிரிப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை.

நாற்பது பிரதி முந்நூறு ஆயிற்று. அந்த மழைக் காட்சியைச் சிறு வயதில் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததாக வேலூரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார். படித்தபோது எனக்கே சிலிர்த்தது. இரண்டு பேர் கையில் ரோபோவைப் பச்சை குத்திக்கொண்டார்கள்.

ஆறாம் இதழ் வந்த வாரம் காசிராஜன் ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தார்.

எழுபத்திரண்டு வயது. ஒரகடத்தில் லாரிகள் நிற்கும் யார்டில் காவலாளி. யூனிஃபார்மோடு, கையில் மஞ்சள் பையோடு நின்றார்.

"நீதானாம்மா பாண்டிச்செல்வி? நான் செத்துட்டேன்னு போட்டிருந்தியே."

"மன்னிச்சிருங்கய்யா."

"அட, அத விடு. முப்பது வருசத்துல என்னப் பத்தி வந்த ஒரே சேதி அதுதான். யார்டுல எல்லாருக்கும் காட்டிட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா அந்த மழை சீனு... அத நான் எடுக்கலியேம்மா?"

"சனங்க பாத்திருக்காங்கய்யா," என்றேன். வேலூர்க் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். மறுக்கவில்லை.

மஞ்சள் பையில் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அந்தப் படத்தின் கடைசிப் பிரதி. போட்டுப் பார்க்க மெஷின் இல்லாமல் இருபது வருடமாக அப்படியே வைத்திருந்தாராம். கதாநாயகி உலகம்மாள் அவருடைய மனைவி. படம் வந்த மூன்றாம் வருடம் இறந்துவிட்டார்.

"சுவத்துல போட்டோ இருக்கு. அதுல வெறைப்பா நிக்கா. இதுல ஒரு இடத்துல சிரிப்பாம்மா. அத ஒருக்கப் பாத்தாப் போதும்."

ஜோயல் உடனே ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பேசி, இருநூறு பேருக்குத் திரையிடல் என்று அறிவித்துவிட்டான். பழைய கல்யாண கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. கேசட்டை நான் அங்கே கொடுத்து வாங்கினேன். ஷிப்ட் முடிந்த ஒரு மாலையில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து, போனில் செருகி முழுவதும் பார்த்தேன்.

படம் சுமார்தான். வரதட்சணைக் கதை. அழுகை, பஞ்சாயத்து, மறுபடி அழுகை. ரோபோ வருவது ஆறு நிமிடம். தகரத்துக்குள் ஒரு மனிதர். மழையே இல்லை. மணவறையில் அவர் குனியும்போது தகரத் தலை கழன்று உருண்டுவிடுகிறது. நடிப்பை மறந்து உலகம்மாள் சிரித்துவிடுகிறார். சிரித்துக்கொண்டே கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்கிறார். நான்கு வினாடி இருக்கும். பதினோரு முறை பார்த்தேன். அப்படி ஒன்றை என்னால் எழுத முடியாது என்று தோன்றியது. அது ஒரு கருத்து, அவ்வளவுதான். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாசகர்களை யோசித்தேன். பச்சை குத்திய இருவரை யோசித்தேன். காய்ச்சலில் கிடந்த வேலூர்க்காரரை யோசித்தேன். மண்டபத்தில் இருநூறு பேர் மழைக்காகக் காத்திருந்துவிட்டு அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அவர் மானத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. பென் டிரைவில் இருந்ததை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன்.

அவரிடம் டேப்பில் பூசணம் பிடித்திருந்தது, மெஷினில் சிக்கி அறுந்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவ சிரிக்கிற இடம் ஒண்ணு இருந்துச்சேம்மா?"

"அழுதாங்கன்னுதான் பாத்தவங்க எல்லாரும் சொல்றாங்கய்யா. வருசமாச்சுல்லா, நீங்க மறந்திருப்பீங்க."

"அழுதாளோ?" என்றார். யோசித்தார். "அழுதிருப்பா. பாவம், ரொம்பப் படுத்திட்டேன்."

திரையிடல், கலந்துரையாடலாக மாறியது. மேடையில் அவர் மழைக் காட்சியை விவரித்தார். மூன்று லாரித் தண்ணீர், விடாமல் இரண்டு நாள் ஷூட்டிங், உலகம்மாளுக்கு ஜன்னி. நான் எழுதாத விவரங்கள் எல்லாம் வந்தன. இருநூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இதை விடப் பெரிய மரியாதையை அந்தப் படம் அவருக்குத் தந்திருக்காது.

ஜோயலுக்குத் தெரிந்தது தற்செயலாக. தன் அக்கா கல்யாண கேசட்டைக் கொடுக்க அதே கடைக்குப் போனபோது, "ரோபோ படம் சூப்பரா வந்துச்சேப்பா, மொத்தமா ஏத்திக் குடுத்தேனே," என்றாராம் கடைக்காரர். அவரும் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார்.

மறுநாள் கேன்டீனில் ஜோயல் எதிரே வந்து உட்கார்ந்தான். தட்டைத் தொடவில்லை.

"இன்னா செல்வி பண்ணி வச்சுகீற? அவரு பொண்டாட்டி சிரிக்கறது அதுல மட்டும்தான் கீது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றேன்.

"கேசட்டாவது கீதா?"

அதற்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கேசட்டைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் முனியம்மாள் என்பவர் நெல் போட்டிருக்கிறார். கதிர் பால் பிடிக்கும் நேரம், குருவி தாங்கவில்லை. டேப்பை முழுவதும் உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா பளபளன்னு கீது கண்ணு," என்று வாங்கி, குச்சி நட்டு வயல் முழுக்கக் கட்டிவிட்டார். காற்று வந்தால் உர்ரென்று இரைகிறது. குருவிகள் வருவதில்லை.

போன வாரம் காசிராஜன் எனக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டே வரப்போரம் நடந்தோம். சாயங்கால வெயிலில் வயல் மினுங்கியது. அவர் நின்றுவிட்டார். இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே வெகு நேரம் பார்த்தார்.

"எம்மா, எவ்வளவு அழகா இருக்கு பாரேன்," என்றார்.

ஆகவே அவருடைய படத்தை நான் அவருக்குக் காட்டவேயில்லை என்று ஜோயல் சொல்வது உண்மையல்ல.