மௌனத்துக்காக இறக்கிய சுவிட்ச்

மின்விசிறிச் சத்தம் எனக்கு ஒத்துவராது. மௌன அஞ்சலி நேரத்தில் அது தலைக்குமேல் கடகடவென்று சுற்றுவது செத்தவர்களை அவமதிப்பது மாதிரி. பூவரசங்குளம் அபிவிருத்திச் சங்கத் தலைவர் என்ற முறையில் இதையெல்லாம் யோசிப்பது என் கடமை. விசாரிக்க வந்த நீங்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தயாளினிமேல் எனக்குக் கோபமில்லை. மலையகத் தோட்டப் பக்கமிருந்து வந்து குடியேறிய சனம் என்று வேற்றுமை பார்த்ததுமில்லை. சங்க மண்டபத்தின் பின்னறையை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். அங்கே கணினியில் கார்ட்டூன் படம் செய்வாள். நான் போனால், "வாங்கோ ஐயா" என்பாள். கதிரையை விட்டு எழும்பமாட்டாள். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டம் நடந்த அன்று பின்னேரத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்கு அவள் படமொன்று அனுப்ப வேண்டும். பிடித்தால் நிரந்தர வேலை. பழைய புரொசசரில் அது நாள்கணக்கில் இழுக்குமென்று புதிது வாங்கி வைத்திருந்தாள். அதை ஏற்க மதர்போர்டின் பயோஸை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, முதலில் அப்டேட் செய்ய வேண்டுமாம்.

"நடுவில கரண்ட் நிண்டா போர்ட் செத்துப்போகும் ஐயா. கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

"நான் இருக்கிறன் பிள்ளை, நீ பயப்பிடாமல் செய்."

கரண்ட் நின்றாலும் தாக்குப்பிடிக்கும் அவளுடைய யூபிஎஸ் அப்போது மைக்கில் பூட்டியிருந்தது. கேட்டுத்தான் வாங்கினேன். பிரதம விருந்தினர் பேசும்போது மைக் நின்றால் ஊருக்குத்தானே வெட்கம்.

விருந்தினர் வந்து பொன்னாடை போர்த்தியானதும் பின்னறையை எட்டிப் பார்த்தேன்.

"அப்டேட் எவ்வளவு முடிஞ்சுது?"

"பாதி வந்திட்டுது ஐயா," என்றாள், இருந்தபடியே.

மேடைக்குப் போய், முள்ளிவாய்க்காலில் மாண்ட எங்கள் ஊரவர்களின் பெயர்களை வாசித்தேன். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன்.

மின்விசிறிகள் ஓய்ந்தன. தயாளினி கதவடிக்கு ஓடிவந்தாள். வாய் திறந்திருந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். வாசித்த பெயர்களில் முதலாவது சுடலைமுத்து, அவளுடைய தகப்பன். அவள் சத்தம் போடமாட்டாள் என்று தெரிந்துதான் அதை முதலில் வைத்திருந்தேன்.

"இப்பிடியொரு அமைதியை நான் எங்கயும் காணேல்லை, தலைவர்," என்றார் விருந்தினர்.

போர்ட் செத்தது. படம் போகவில்லை. கொம்பனி வேறு ஆளை எடுத்துவிட்டதாம். எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் நான் செய்தது மரியாதைக்காக. செத்தவர்களுக்கான மரியாதைக்காக. அன்று மண்டபத்தில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. அவளும் எனக்கு முன்னால் நின்றாள். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.