மிலுன்கா வாங்கின புகை மெஷின்

தொடாத தம்பி, தொடாத! மொதல்ல மோந்து பாரு. கிட்ட வா, வெக்கப்படாத... என்ன, மூஞ்சி அப்பிடிப் போகுது? கருகின நாத்தம் வருதுல்ல? இந்தக் கரன்ட்டு சிகரெட்டத்தான் நீ போன வாரம் இதே கடையில அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, சிகரெட்ட விட்டவங்களுக்கு நல்லா ஒத்துக்கும்னு என் தலையில கட்டுன. நல்லா ஒத்துக்கிச்சு போ! என் வீடே செங்கச்சூளையாட்டம் ஆயிருச்சு. அதுவும் இன்னைக்கி! நாளைக்கி எங்க வீட்டு ஸ்லாவா. எங்க குடும்பத்தக் காக்கற புனித நிக்கோலா நாளு. கூப்புடாமலே பாதித் தெரு வந்து ஒக்காரும். மெழுகுவத்தி வாங்கியாச்சு, நாளைக்கிச் சமைக்க வாங்குன மீனு உசுரோட குளியல் தொட்டியில நீந்துது, வீடு மட்டும் நாறுது.

தெரு வந்தா வரட்டும், தெருவுக்கென்ன! எம் மக தானித்ஸா வர்றா தம்பி, பெல்கிராத்லருந்து. பேத்தியத் தூக்கிக்கிட்டு, மொத மொதலா. துன்யான்னு பேரு. பொறந்ததுலருந்து அது எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. ஏன்னு கேளு. "அம்மா, உன் வீட்டுல சிகரெட் நாத்தம் போற வரைக்கும் எம் புள்ள உன் வாசப்படிய மிதிக்காது"ன்னுட்டா. அது இன்னும் தவழவே இல்ல, எங்கருந்து மிதிக்கும்! நான்தான் ஒருக்கா போனேன் பாக்க. ஆசையா கைய நீட்டறேன், "இரும்மா"ங்கறா. என் சட்டையக் கழட்டச் சொல்லி, அவளோட வீட்டுச் சட்டையக் குடுத்து, கையி, மூஞ்சி, கழுத்து எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வச்சு, அப்பறந்தான் புள்ளையக் குடுத்தா. பெத்த தாய்க்கு! கசாப்புக் கடையிலருந்து வந்தவள மாதிரி! பஸ்ஸுல திரும்பி வர்றப்ப அழுதுக்கிட்டே வந்தேன். எறங்கினதும் ஒண்ணு பத்த வச்சேன், அது வேற விசயம்.

ஆனா விட்டேன் தம்பி. மிலுன்கா ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான். திரைச்சீலையெல்லாம் வினிகர்ல அலசுனேன். கம்பளத்தப் பனியில போட்டு அடிச்சேன் பாரு, பனியே மஞ்சளாயிருச்சு. எங்க வீட்டுக்காரரு ராதோமிர ஏணியில ஏத்தி விட்டு சொவத்துக்கெல்லாம் வெள்ள அடிக்க வச்சேன். பாவம், வாயத் தொறக்காத மனுசன். நான் சிகரெட்டு குடிச்சப்பவும் பேசல, விட்டப்பவும் பேசல.

விட்டாச்சு சரி. இந்தக் கைய என்ன பண்ண? சொல்லு! காலையில காப்பி போட்டு ஒக்காந்தா இந்தக் கையில கப்பு, இந்தக் கையில சிகரெட்டு, காலங்காலமா அப்பிடி. இப்ப இந்தக் கை சும்மா கெடக்கு. மேசத் துணியப் பிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு துணி போச்சு. அதுக்குத்தானப்பா இந்தக் கருமத்த வாங்குனேன்.

என்ன? சின்னதத்தான் காட்டுனியா? ஆமா... காட்டுன. பேனா மாதிரி ஒண்ணு. இழுத்தா சிகரெட்டு இழுக்கற மாதிரியே இருக்கும், சும்மா ரெண்டு இழுப்புல அடங்கிரும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அது போதும்னு சொன்ன. சொல்லலன்னு நான் சொல்லலயே! ஆனா மாடி வீட்டு ஸோர்க்காவ உனக்குத் தெரியாது. அவ வச்சிருக்கறது இம்மாம் பெருசு. ஊதுனான்னா ரயிலு எஞ்சின் வந்து நின்ன மாதிரி பொகை. அவ முன்னால நான் போயி லிப்ஸ்டிக் மாதிரி ஒண்ண எடுத்து வாயில வச்சா மானம் போயிராது? "என்ன மிலுன்கா, காச்சல் பாக்கறியா?"ம்பா. அவ நாக்குல நரம்பே கெடையாது தம்பி.

அதான் பெருசக் கேட்டேன். அதுல ஊத்தற நிக்கோட்டின் மருந்து காட்டமா வேணும்னும் நான்தான் கேட்டேன், அதயும் ஒத்துக்கறேன். பெருசுல காட்டமா ஊத்தாதீங்கன்ன. நான் சிகரெட்டே காட்டமாத்தான் குடிச்சவ, இது என்ன பண்ணும்னு நெனச்சேன். ரெண்டு இழுப்பு... தம்பி, சமையக்கட்டு சுத்துது! ஹீட்டரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். "டாக்டரக் கூப்புடவா?"ன்னு ராதோமிர் கேட்டாரு. அந்த மனுசன் வாயத் தொறந்து பேசுனாருன்னா என் நெலமையப் பாத்துக்க.

மறுநாள் நீ மருந்த மாத்திக் குடுத்த. லேசானது. செர்ரிப் பழ வாசன. செர்ரியாம் செர்ரி! தர தொடைக்கற தண்ணியில கூட இதவிட நல்ல செர்ரி இருக்கும். அப்பறம் உள்ள சூடாகற அந்தக் குட்டிச் சுருளு, காயிலு... புதுசா மாட்டுனா மருந்த ஊத்திப் பத்து நிமிசம் ஊற விடுங்க, பஞ்சு நனையட்டும்ன. நான் என்ன பீன்ஸா ஊறப் போடறேன்? சரி, ஊற வச்சேன். இந்த ஒரு விசயத்துல என் மேல தப்பே கெடையாது, நல்லா ஊற வச்சேன்.

இன்னைக்கிக் காலையில இழுக்கறேன், குப்புன்னு பொகை. வெள்ளப் பொகை இல்ல, கருப்பா, தொண்டயில ஆணி எறங்குன மாதிரி. இருமி இருமிக் கண்ணுல தண்ணி. நிறுத்தலாம்னு பாத்தா பதட்டத்துல பட்டன விடாம அமுக்கிக்கிட்டே இருக்கேன். வினிகர்ல அலசுன திரைச்சீல, புதுசா வெள்ளையடிச்ச சொவரு, எல்லாத்துலயும் அப்பிக்கிச்சு!

ஜன்னலத் தொறக்கலயாவா? என்ன பேசற நீ? ராதோமிர் அந்தப் பக்கம் படுத்திருக்காரு, இந்தப் பக்கம் தொறந்தா குறுக்குக் காத்து அடிக்காது? எங்க சித்தப்பா ஒருத்தரு, நல்லா எருது மாதிரி இருந்தவரு, ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல ஒக்காந்து சீட்டாடுனாரு. சாயங்காலம் பாத்தா வாயி கோணிக்கிச்சு. சிரிக்காத! உங்கம்மா மட்டும் ரெண்டு பக்கமும் தொறந்து வப்பாங்களாக்கும்? இங்கயும் பாரு, அந்தப் பின்கதவு ஏன் தொறந்து கெடக்கு? முன்கதவ யாராவது தொறந்தா உன் கழுத்து என்னாகும்? சொன்னாக் கேக்க மாட்டீங்க.

ஏன் அதத் திருகற? திருகாத... உள்ள என்ன இருக்கப் போவுது? நீ குடுத்த மெஷின், நீ குடுத்த காயிலு. ம்... கருப்பா ஒட்டுதா? ஒட்டும். மட்டமான சாமான் ஒட்டத்தான் செய்யும். ஏன் என்னையே பாக்கற? என் மூஞ்சியில ஏதும் எழுதியிருக்கா? மோந்து பாக்க வேணாம்னு சொல்றேன்ல... நாந்தான் மோந்து பாக்கச் சொன்னேன், ஆமா, அது வெளிய, உள்ள இல்ல...

சரிப்பா. பாகுதான்.

செர்ரிப் பாகு. நான் காச்சுனது. இப்ப என்னங்கற? விருந்தாளி வந்தா ஒரு கரண்டி பாகும் ஒரு டம்ளர் தண்ணியும் வைக்கறோமே, அதே பாகுதான், அதுல என்ன விசமா இருக்கு? உன் புட்டியிலயும் செர்ரி இனிப்புன்னுதான் போட்டிருக்கு, என் புட்டியிலயும் செர்ரி இனிப்புதான். உன்னுது நாறுச்சு, என்னுதுக்குத் தெருவே நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வரும். பழத்தயெல்லாம் எடுத்துட்டுச் சாறு மட்டுந்தான் ஊத்துனேன். கெட்டியா இருந்துச்சேன்னு ராதோமிரோட பிளம் சாராயத்த ரெண்டு சொட்டு விட்டேன். அதான் பத்து நிமிசம் ஊறவும் வச்சேனே!

தலையில கைய வைக்காதப்பா. தெரியுது. சக்கர சூடானா கருகும்னு எனக்குத் தெரியாதா? வருசா வருசம் ஸ்லாவாவுக்கு மொத நாளு, சக்கர கட்டிப் போன பாக மறுபடி காச்சறேன்னு அடுப்புல வச்சுட்டு ஸோர்க்காகிட்ட வாயடிச்சுக்கிட்டே சட்டியக் கருக்கறவ நானு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன். ஓணான் மேல என்ன தப்பு!

காசத் திருப்பித் தர முடியாதா? வேணாம், யாரு கேட்டா! நான் சண்ட போடவா வந்தேன்? சண்ட போடத்தான் வந்தேன்... அது கெடக்கட்டும். தம்பி, பயமா இருக்குப்பா. அவ வந்து கதவத் தொறப்பா. பொகை நாத்தம் மூக்குல ஏறும். "நீ திருந்தவே மாட்டம்மா"ன்னு சொல்லிட்டு அப்பிடியே திரும்பிருவா. நான் குடிக்கலடி, சத்தியமா குடிக்கலடின்னா நம்புவாளா? எத்தன தடவ பொய் சொல்லியிருக்கேன் அவகிட்ட! அந்தப் புள்ளையத் தூக்கிட்டு அவ படியெறங்கிப் போறதப் பாத்தேன்னா... வேணாம்ப்பா, வாயால சொல்லக் கூடாது.

என்ன இது, சின்னதா? அன்னைக்கிக் காட்டுன அதேதானா? குடு பாப்பம். கையில வச்சா தெரியவே இல்ல. இதுல ஊத்த வேணாமா, மருந்து டப்பாவ அப்பிடியே சொருகுனா போதுமா? ஓ... நான் எதயும் ஊத்திரக் கூடாதுன்னு பாத்துத்தான் எடுத்திருக்க. வெவரமான புள்ளதான் நீ. ஸோர்க்கா சிரிச்சா சிரிக்கட்டும் போ.

இரு, போனு அடிக்குது. ஐயோ, தானித்ஸா! நீ பேசு தம்பி... சரி, சரி, நானே பேசறேன். ஹலோ, சொல்லு கண்ணு... எங்க இருக்க? நம்ம வீட்டுலயா! நாளைக்கில்ல வர்றேன்ன? எப்பிடி உள்ள... ஆமா, அப்பா இருக்காருல்ல. ம்... ம்... இல்லடி தானித்ஸா, நான் சொல்றதக் கேளு, சத்தியமா நான் எதுவும்... என்னது? பாகா? ஆ... ஆமா. பாகுதான். ஆமாம்மா, கருகிருச்சு... கொஞ்சமில்ல, நல்லாவே கருகிருச்சு.

தம்பி! சிரிக்கறாப்பா! "ஸ்லாவான்னா நீ பாகக் கருக்காம இருக்க மாட்டியாம்மா, படியேறுறப்பவே வாசன வந்துச்சு"ங்கறா! சிகரெட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல! உள்ள வந்துட்டா, புள்ளைக்குக் கோட்டக் கழட்டிட்டா, ராதோமிர் மடியில வச்சிருக்காரு. திரைச்சீலையில மொகத்த வச்சு மோந்து பாத்தாளாம், வினிகரு வாசன வருதாம்... "எப்பம்மா விட்ட?"ன்னு கேக்கறா. நான் அழலப்பா, கண்ணுல பொகை.

வந்துட்டேன் கண்ணு, இதோ மார்க்கெட்டு பக்கத்துலதான்... அது என்ன சத்தம்? என்ன அடிச்சுக்குது? எதத் தொறந்து வச்சிருக்க? பொகை போறதுக்கா... எந்த ஜன்னல? பால்கனிக் கதவயுமா? ரெண்டு பக்கமுமா! அடியே பாவி, புள்ள நடுவுல ஒக்காந்திருக்குடி! குறுக்குக் காத்துடி! மூடு! உங்கப்பாவுக்கு வாயில்லையா, மூடச் சொன்னா என்ன? புள்ளைக்குத் தலையில தொப்பியப் போடு, போடுங்கறேன்ல!

நகரு தம்பி, என் கோட்டு எங்க... நாளைக்கி நீயும் வந்துரு, கூப்புடலன்னு நெனைக்காத, ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்புட மாட்டோம். மெஷினா? பெருசு, சின்னது எல்லாம் இங்கயே கெடக்கட்டும்ப்பா, எனக்கு இப்ப ரெண்டு கையும் வேணும்... அந்தப் பின்கதவச் சாத்து மொதல்ல, நான் முன்கதவத் தொறக்கறேன்!