வெள்ளிக்கிழமை ராமென்

மாகிரட்: இஞ்சருங்கோ... வீட்டில இடியப்பமும் சொதியும் தந்தா முகத்தை நீட்டுறியள். இதுக்கு மட்டும் இவ்வளவு தூரம் சிற்றிக்குக் காரோடி வந்து, மழைக்குள்ள லைனில நிக்கிறியளோ?

வின்சென்ற்: இது ராமென், மாகிரட், நூடில்ஸ் சூப். ஜப்பான்காரர் பண்டி எலும்பை இரவு பகலா அவிச்சு...

மாகிரட்: பண்டியோ! தவக்காலத்து வெள்ளிக்கிழமையப்பா, இறைச்சி தொடக்கூடாது! வாங்கோ வீட்ட போவம்.

வின்சென்ற்: மரக்கறியிலயும் இருக்கு. கடை போர்ட்டில இண்டைக்குத்தான் எழுதியிருக்கு, பாரும்.

மாகிரட்: உந்த மணமே எனக்கு ஆகாது.

வின்சென்ற்: பழகின மணம்தானே. எங்கட வொஷிங் மெஷினுக்குள்ளயும் இதுதான் மணக்குது.

மாகிரட்: அது... டெஸ்மன்ர உடுப்பு. மெடிசின் படிக்கிற எங்கட பிள்ளை, லாபில நிண்டிட்டு வாறவன்.

வின்சென்ற்: லாபில எலும்பு அவிக்கிறவையோ?

மாகிரட்: எனக்கென்ன தெரியும்? நானென்ன டொக்டரோ?

வின்சென்ற்: சரி, சரி. முன்னுக்கு நிக்கிற பெடியனைப் பாரும். சூப்பைப் படமெடுக்க லைட்டும் கொண்டு வந்திருக்கிறான்.

மாகிரட்: சூப்புக்கு லைட்டோ! எங்கட கலியாணப் படமே இருட்டு.

வின்சென்ற்: உள்ளுக்குப் போனா சத்தமா உறிஞ்சோணும். அதுதான் மரியாதையாம். ஜப்பான் கார்ட்டூனிலயும் அப்பிடித்தான்.

மாகிரட்: இவ்வளவு காலமும் நீங்கள் எனக்கு மரியாதைதான் தந்திருக்கிறியள்... ஐயோ, எங்கட றோட்டுத் தியாகலிங்கம் அண்ணை! எங்களுக்குப் பின்னால வந்து நிக்கிறார். வாங்கோ போவம்!

வின்சென்ற்: நிண்டா நிக்கட்டும். "டொக்டர் தம்பி எப்பிடி" எண்டு கேப்பார். போன கிழமை தன்ர முழங்கால் ஸ்கேனை டெஸ்மனுக்கு அனுப்பினவர்.

மாகிரட்: அதுக்குத்தான் சொல்லுறன்... அவர் உள்ளுக்கு வந்தா...

வின்சென்ற்: வந்தா?

மாகிரட்: ...கத்த மாட்டியள்தானே?

வின்சென்ற்: சொல்லும்.

மாகிரட்: டெஸ்மன் உள்ளதான் நிக்கிறான். குசினியில சமைக்கிறான். யூனிவசிற்றியை விட்டு நாலு மாசம். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் அவனிட்டச் சொன்னனான்.

வின்சென்ற்: உமக்குச் சொல்லவேண்டாமெண்டு நானும் அவனிட்டச் சொன்னனான். வெள்ளியில மீற்றிங் எண்டு உமக்குச் சொல்லிப்போட்டு இஞ்சதான் வாறனான்... போர்ட்டில இருக்கிற மரக்கறிச் சூப் அவன் செய்தது. போன முறை ருசி பாக்கத் தந்தவன். உப்புக் காணாது. அவன்ர மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, மாகிரட். அதுக்குத்தான் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்.