கயிறு பிடித்தவர்

சரியாக மாலை நாலே கால். ஆனால் ஏழு மணி போல இருட்டு. கொட்டோ கொட்டென்று மழை. அந்த மலைப்பாதையில் ஒரே ஒரு கார்தான்...

இது என் நண்பனின் சித்திக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளட்டும். பிறகு சிரிக்க வாய் வராது.

காரை ஓட்டியவர் சித்தியின் அண்ணன். போன இடம் ராட்சத மரங்கள் நிற்கும் காடு. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பாதையை அகலப்படுத்த அங்கே மரம் வெட்டும்போதுதான் சித்தியின் புருஷன் நசுங்கிச் செத்தார். மோட்டார் ரம்பம் பிடித்தவர் அண்ணன். மரம் சாய வேண்டிய பக்கம் கயிறு பிடித்து இழுத்தவர் சித்தப்பா.

மரம் அறுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அறுப்புக்கு முன்னால் ரம்பத்தை நிறுத்திவிட்டு மூன்று முறை கூப்பிட வேண்டும். கயிறு பிடித்தவர் விலகி நின்று பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராமல் ரம்பத்தைத் தொடக் கூடாது.

"கூப்பிட்டேன், பதிலும் வந்துச்சு. அப்புறம் ஏன் மரம் விழற இடத்துக்குள்ளே வந்தார்னு தெரியல" என்று அண்ணன் விசாரணையில் சொன்னார். சித்தி நம்பினாள். ஐந்து வருஷமாகப் புருஷனின் போட்டோவைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்: "பதில் குரல் குடுத்துட்டு எதுக்கு உள்ளே போனீங்க?" ஆனாலும் மனசு ஆறவில்லை. அண்ணன் கூப்பிட்டது அவர் நின்ற இடம் வரைக்கும் நிஜமாகவே கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அண்ணனை நச்சரித்துக் கூட்டி வந்தாள்.

இறங்கி நடந்தார்கள். ஈரப் பட்டை வாசனை. உச்சியிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... பழைய அடிக்கட்டைப் பக்கத்தில் அண்ணன் நின்றார். அறுபதடி தள்ளி, கயிறு பிடித்த இடத்தில் சித்தி.

"அன்னிக்கு மாதிரியே கூப்பிடுண்ணே!"

"மழையில என்ன விளையாட்டு? வா, போலாம்."

"கூப்பிடு."

"மரம் வருது, விலகு!" ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவர் குரல் தேய்ந்துபோனது.

பதில் வந்தது.

சித்திக்குப் பக்கத்திலிருந்து. கைக்கெட்டும் தூரத்திலிருந்து. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"இப்பத்தான் கூப்பிடத் தோணுச்சா, மச்சான்?"

அண்ணன் பேயறைந்தவர் போல அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு அவசரம் மாப்ள... கூப்பிடல... மன்னிச்சிடு..."

சித்திக்கு அழுகை வரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷனை ஐந்து வருஷம் திட்ட வைத்துவிட்டானே, பாவி!

அப்போது பெட்ரோல் வாசனை வந்தது. அண்ணனுக்கு இடது பக்கம் நின்ற மரத்தில்... க்ர்ர்... ஒரு நார் அறுந்தது. பிறகு இன்னொன்று. மரம் மெதுவாகக் குனிந்தது. அண்ணன் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டே இருந்தார்.

காட்டிலாகா ஆட்கள் வந்து, அண்ணனை நசுக்கிக் கிடந்த மரத்தைப் பார்த்தார்கள். காற்றில் விழுந்த மரம் இல்லை. அடியில் வழவழவென்று ரம்பம் போன அறுப்பு. அவ்வளவு மழையிலும் கீழே கிடந்த மரத்தூள் நனையவில்லை. தொட்டால் சுட்டது.

சித்தி அவர்களிடம் வாயே திறக்கவில்லை. போன மாதம் என் நண்பனிடம் மட்டும், தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாளாம்.

"மரம் சாயறதைப் பார்த்துட்டேதான்டா நின்னேன். சத்தம் போட நேரம் இருந்துச்சு... நல்லாவே இருந்துச்சு."