உப்பு வேணாம்ங்க

வைத்திலிங்கம் தொலைபேசியை எடுப்பதற்கு முன்னால் ஜன்னல்களைச் சாத்துவார். சுரங்கத்து டைம் ஆபீசில் பத்தொன்பது ஆண்டுகள் பிறருடைய வருகை நேரத்தைச் சரிபார்த்தவர். சரிபார்க்காமல் எதையும் நம்புவதில்லை. தாம் பேசுவது பிறர் காதில் விழுவதையும் விரும்புவதில்லை. நெய்வேலியில் அவருடைய குவார்ட்டர்சுக்குப் போன் வந்த நாள் முதல் இதுவே வழக்கம். 1979-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த நான்காம் நாள் முற்பகலிலும், வாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழிட்ட பிறகே கால்நடை மருத்துவர் கோபாலகிருஷ்ணனை அழைத்தார்.

ஹலோ... மாட்டு ஆஸ்பத்திரிங்களா? டாக்டர்தானே பேசறது?... நான் டைம் ஆபீஸ் வைத்திலிங்கம்... மெதுவாத்தான் பேசுவேன், காரணம் இருக்கு... எனக்கு ஒண்ணும் இல்ல, மாட்டுக்குத்தான். எங்க செவலை வாயில எதையோ வச்சிருக்காங்க... விஷம்தான், வேற என்ன? நீங்க ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்.

...ஆமா, ஆமா, சொல்றேன். காலையில இருந்து தவிடு தொடல. எச்சில் நூலா ஒழுகுது. நாக்கு மேல வெள்ளையா ஒரு பூச்சு... கொப்புளமா? இல்ல. குளம்பும் நல்லா இருக்கு... கோமாரி இல்ல டாக்டர், கேளுங்க. செஞ்சது யாருன்னே எனக்குத் தெரியும்.

...கலியமூர்த்தின்னு ஒருத்தன், கான்ட்ராக்ட் ஆள். பொங்கலுக்கு முன்னால எங்க செங்கல் மதில்ல என் பேரைச் சுண்ணாம்புல எழுத வந்தான். வேலை செய்யறப்பவே எதிர்ப்பேச்சு. அதட்டினேன். அப்ப என்ன சொன்னான் தெரியுமா? ‘மாட்டு வாய்க்கு ஆவாதுங்க.’ என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். மிரட்டல் இல்லாம அது என்ன?... இன்னும் இருக்கு. எழுதின பேரையும் தினம் ஒரு எழுத்தா அழிக்கறான். இப்ப ‘வைத்தி’ போச்சு, ‘லிங்கம்’ மட்டும் நிக்குது. ஆபீஸ்ல சிரிக்கறாங்க.

...பாக்கலை. அழிக்கறப்ப யாரும் பாக்கலை. பாத்தாத்தானா?... கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேலையை விட்டு நிறுத்தியாச்சு. வாட்ச்மேன் பிடிச்சுட்டு வந்து எதிர் மரத்தடியில உட்கார வச்சிருக்கான். உங்க சர்ட்டிபிகேட் வந்ததும் நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்.

...வாயைத் திறந்து பார்த்தேங்க. அது தனி அக்கிரமம். மேல் வரிசையில முன்பல் ஒண்ணு கூட இல்ல. தட்டி எடுத்திருக்கான்... என்னது?... எந்த மாட்டுக்குமேவா?... ஆட்டுக்கும்?... எங்க வீட்டு நாய்க்கு இருக்கே... சரி, நாய் வேற, மாடு வேற. அப்ப புல்லை எப்படி... நாக்கால சுருட்டி, கீழ்ப்பல்லை ஈறோட அழுத்தி இழுக்குமா. ஏழு வருஷமா இது பாலைக் குடிக்கறேன்... சிரிக்காதீங்க டாக்டர்.

கன்னத்துக்குள்ள முள்ளு முள்ளா முளைச்சிருக்கே, அது?... அதுவும் பிறவியிலயா. ஆமா, தொண்டைப் பக்கமாத்தான் சாஞ்சிருக்கு... தின்ன தழை வெளியில விழாம இருக்கறதுக்கா. ம்... டாக்டர், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிச்சதும் அவன்தானா?... இல்ல, எல்லாத்துக்கும் அவன் பக்கமே பேசறீங்களேன்னுதான்.

...நாக்கா? நாக்கு, நாக்கு மாதிரிதான் இருக்கு... கையில உப்பு வச்சா? எதுக்கு?... சரி, வீட்டுக்காரியைக் கூப்பிடறேன். தமயந்தி, ஒரு பிடி உப்பு கொண்டா. அப்படியே மாட்டை அவுத்து இந்த ஜன்னல்கிட்ட பிடிச்சுட்டு வா... எனக்கும் தெரியல, டாக்டர் சொல்றாரு... இருங்க, ஜன்னலைத் திறக்கறேன். கலியமூர்த்தி மரத்தடியிலேருந்து பாக்கறான். பாக்கட்டும்.

...நக்குது... ஆ. விடு, விடு. அரம் போட்டு ராவின மாதிரி இருக்கு டாக்டர். தோல் சிவந்துபோச்சு... ஆமா, கோடு கோடா. நாலு விரல் அகலம்... மதில்லயா? இங்கேருந்தே தெரியுது. எழுத்து இருந்த இடத்துல... கோடு கோடாத்தான் இருக்கு. எல்லாம் கீழேருந்து மேல... துணியால தேய்ச்சா அப்படி வராதா. வராதுதான்.

தமயந்தி, செவலையைப் பழைய இடத்துலயே கட்டு. கயிறு எதுவரைக்கும் எட்டுது?... ‘த்தி’ வரைக்குமா. ‘லி’க்கு எட்டலையா? நல்லாப் பாரு... எட்டலை டாக்டர்.

...ஆனா சுண்ணாம்பைப் போயி ஏன் நக்கணும்?

...சுண்ணாம்புல உப்பு போட்டோமான்னா கேக்கறீங்க?

...போட்டோம். ரெண்டு பிடி கல்லுப்பு. எழுத்து நல்லா ஒட்டும்னு நான்தான் போடச் சொன்னேன். கலியமூர்த்தி ‘உப்பு வேணாம்ங்க’ன்னாரு. ‘மாடு கட்டிகினு இருக்கற எடம், நக்கிப்புடும், மாட்டு வாய்க்கு ஆவாதுங்க’ன்னாரு. வேலைக்குச் சோம்பல்படறான்னு நினைச்சேன். மாடு சாப்பிடாம நின்னதும் கடைசி வார்த்தை மட்டும் ஞாபகம் வந்துது... மறைக்கணும்னு இல்ல டாக்டர். கான்ட்ராக்டர்கிட்டயும் அந்தத் துண்டை மட்டும்தான் சொன்னேன்.

...சரி. தண்ணி விட்டு வாயை நல்லாக் கழுவி, நாக்குல நல்லெண்ணெய். சாயங்காலம் நீங்களே வர்றீங்களா. நல்லது... சர்ட்டிபிகேட் வேணாம்.

ஒரு நிமிஷம், வச்சுடாதீங்க. வாட்ச்மேன், அவரை விடு. தோள்ல இருந்து கையை எடு. கலியமூர்த்தி, இப்படி வாங்க... உங்களைத்தான். ஜன்னல்கிட்ட வாங்க... பேரை அழிச்சது எங்க மாடு. உப்பு போடச் சொன்னது நான். நீங்க எச்சரிக்கை பண்ணினீங்க. அதைப் பாதியா முறிச்சு உங்க மேலயே பழி போட்டேன். தப்பு என்னோடது. தெருவே கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்.

...டாக்டர், கேட்டுதா? அவர் என்ன கேக்கறார் தெரியுமா?... செவலை தண்ணியாவது குடிச்சுதான்னு கேக்கறார்.

ஹலோ... ஹலோ... கட்டாயிடுச்சு.

பரவால்ல. கலியமூர்த்தி, வாசல் வழியா உள்ள வாங்க. இந்த நாற்காலியில உட்காருங்க... அட, உட்காருங்க. அடுத்த போன் கான்ட்ராக்டருக்கு. நான் சொல்றதைப் பக்கத்துல இருந்து கேளுங்க. பாதியில நிறுத்தினா மீதியை நீங்க சொல்லுங்க... தமயந்தி, அந்த ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.