பாட்டில் உட்கார்ந்த எண்

டீக்கு நன்றி. நாற்காலியும் பரவாயில்லை, எங்கள் ஒத்திகைக் கூடத்தில் இருப்பவை இதைவிட மோசம்.

ஒரு மருந்துக் கம்பெனியைக் கிண்டலடித்து இசை நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் 'பாட்டில் பாட்டு'. ராட்சத பாட்டிலுக்குள்ளிருந்து முதலாளி ஆடிக்கொண்டே வருவார். பங்குதாரர்கள் கோரஸாக இருமுவார்கள். முதல் பாதி வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும். இரண்டாம் பாதிதான் சப்பென்று இருந்தது.

என் தங்கை அந்தக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம் ஒத்திகைக்கே வந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். குழந்தைகளுக்கான இருமல் மருந்தில் விஷம் கலந்திருக்கிறது என்று சோதனை முடிவு. அதன் கீழேயே மேலதிகாரியின் கையெழுத்தில், 'சரக்கை அனுப்பலாம்.'

"மூணு குழந்தைங்க போயிடுச்சுண்ணா. இதை இன்னைக்கே பேப்பர்காரங்ககிட்ட சேர்த்துடு. நான் போனா என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

"நீ கவலைப்படாதம்மா, நான் பார்த்துக்கறேன்."

என் இரண்டாம் பாதி அந்தத் தாளில் இருந்தது. பேப்பரில் வந்துவிட்டால், திரை உயரும்போது அது ஊரறிந்த பழங்கதை. அரங்கேற்றத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கடைசிக் காட்சியில் அதைப் பெரிதாகத் திரையில் காட்டுவது என்று முடிவு செய்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. உண்மைக்கு ஒரு மேடை போட்டேன், அவ்வளவுதான்.

தங்கை போனில் கேட்டாள். "குடுத்தியாண்ணா?"

"குடுத்தாச்சு. விசாரிச்சிட்டு இருக்காங்களாம்."

நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள்.

குழந்தைகள் ஏன் சாகிறார்கள் என்று தெரியவில்லை என மருத்துவமனைகள் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியும். 'மூணே மூணு பிள்ளை, முதலாளி தூங்கட்டும்' என்று எழுதியிருந்த வரியை 'ஏழே ஏழு' என்று மாற்றினேன்.

"வரியை மாத்திக்கிட்டே இருக்கீங்களே சார்," என்று தபலாக்காரர் சலித்துக்கொண்டார்.

"பாட்டு உண்மையா இருக்கணும்ல," என்றேன்.

அரங்கேற்றத்தன்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாளே மருந்துக்குத் தடை வந்தது. அதை யார் சாதித்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் தங்கை மட்டும் எழுந்திருக்கவில்லை. திரையில் தெரிந்த அந்தத் தாளின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பனை அறைக்கு வந்து, "அப்ப யார்கிட்டயும் குடுக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு நாடகம் பிடிபடாது.

அரங்கேற்றத்தை ஏன் ஒரு வாரம் தள்ளிவைத்தேன் என்று கேட்டீர்கள். விளக்குக் கோளாறு என்று குழுவிடம் சொன்னேன், அது பொய். முதலில் குறித்திருந்த நாளில் பதினொரு குழந்தைகள் இறந்திருந்தார்கள். 'பதினொன்றே' என்று பாடினால் தாளத்தில் ஒரு மாத்திரை குறைகிறது. எத்தனையோ விதமாகப் பாடிப் பார்த்தேன். அதனால் காத்திருந்தேன்.

'பன்னிரண்டே' கச்சிதமாக உட்கார்ந்தது.